முதுகுக்குப் பின்னால் ஒரு முதலாளி

மார்க்கெட்டில் அவரை எல்லோரும் உம்மணா என்றுதான் கூப்பிடுவார்கள். உம்மணாமூஞ்சி என்று முழுசாகக் கூப்பிட அங்கே யாருக்கும் நேரமில்லை. லாரி வந்து நின்றுவிட்டால் மூட்டை இறங்கியாக வேண்டும். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்வதென்றால் வாயைத் திறக்க வேண்டுமே. ஓரம், பார்த்து, இறக்கு. இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்ட மனுஷன்.

விடியுமுன் போய் லாரிகளை இறக்கிவிட்டு, வெயில் ஏறும்போது வீடு திரும்புவார். அவர் உள்ளே நுழைவதும் மனைவி வெளியே கிளம்புவதும் ஒன்றாக நடக்கும். அவள் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். வாசற்படியிலேயே பத்து மாதப் பையன் அவள் இடுப்பிலிருந்து இவர் தோளுக்கு மாறுவான். அதன் பிறகு சாயங்காலம் வரை பையன் இவர் பொறுப்பு.

அன்றைக்குக் கை மாறும்போது அவள் சொன்னாள்.

"இன்னைக்கு இவனுக்கு ஊசி. எனக்கு லீவு இல்லைன்னுட்டாங்க. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

"உம்."

"அங்க போயி இப்படி உம்முனு நிக்காதீங்க. கேட்டதுக்கு வாயைத் தொறந்து பதில் சொல்லணும். இப்பல்லாம் நிறைய கேக்கறாங்க."

"ஊசி போடறதுக்கு எதுக்குக் கேள்வி?"

ஒரே மூச்சில் இத்தனை சொல் அவர் வாயிலிருந்து வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். "போங்க, போனாத் தெரியும்," என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள்.

பையனை அவர் தூக்கும் விதம் ஒன்று உண்டு. மூட்டை தூக்குகிறவன் பிள்ளையை வேறு எப்படித் தூக்குவான்? வயிறு தோளில் படும்படி சாய்த்து, தலை முதுகுப்பக்கம், கால் மார்புப்பக்கம். துண்டால் ஒரு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு. அவருக்கு ஒரு கை முழுசாகச் சும்மா கிடக்கும், தண்ணீர் பிடிக்கலாம், துணி அலசலாம், கடைக்குப் போகலாம். பையனும் அந்த இடத்தைத் தன் பேருக்கு எழுதி வாங்கியவன் போல நிம்மதியாக இருப்பான். சோறு ஊட்டும்போது மட்டும் எதிரே உட்கார வைப்பார். அப்போது பையன் கண் கரண்டி மேல் இருக்கும், அப்பன் கண் கிண்ணத்தின் மேல் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் ஒரு தூக்கம். எழுந்தால் மறுபடி தோள்.

அப்படியே தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். தெரு முனையில் இஸ்திரி வண்டிக்காரர் இவர் கடந்து போகும் வரை பேசாமல் இருந்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் தினமும் கேட்பது போலவே அன்றும் கேட்டார்.

"என்ன முதலாளி, காலையிலேயே கெளம்பியாச்சா? நம்மளையும் கொஞ்சம் கண்டுக்கங்க."

உம்மணாவுக்குக் காது மடல் சூடேறியது. மூட்டை தூக்குகிறவனை முதலாளி என்று கூப்பிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? அதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. நான்கு எட்டு வைத்தால் அடுத்தது பழ வண்டிக்காரம்மா. "மாப்ளே, எனக்கும் ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டுப் போயேன்" என்று அந்த அம்மா. வயசுக்கு மரியாதை கொடுத்துத்தான் அவர் பேசாமல் போவது. இந்தத் தெருவே தன்னைக் கிண்டல் பண்ணுகிறது என்பது அவருக்கு எப்போதோ தெரிந்த விஷயம். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

தாய் சேய் நல நிலையம் சின்னதுதான். ஒரு கூடம், இரண்டு அறை. பெஞ்சில் கர்ப்பிணிகள் ஒரு பக்கம், கைக்குழந்தைக்காரிகள் ஒரு பக்கம். ஆண்பிள்ளை என்று பார்த்தால் இவர் ஒருவர்தான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோடு சுவராக நின்றார். தலையில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்த சிஸ்டர் இவரை முதலில் கூப்பிட்டாள்.

பையனைத் தராசில் போட்டார்கள். முள் நல்ல இடத்தில் போய் நின்றது.

"எடை நல்லா இருக்கே. யாரு ஊட்டறது?"

"நான்தாங்க."

அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. எடை சரியாக இருந்தால் சரக்குச் சரி. அவர் தொழிலில் அதற்கு மேல் சோதனை கிடையாது. ஊசி போட்டார்கள். கூடமே அதிரும்படி ஓர் அழுகை. துண்டை உதறிப் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஊசிதான் போட்டாச்சே."

"போட்டாச்சு. பாயில உக்காருங்க."

கூடத்தின் மூலையில் ஒரு பாய் விரித்திருந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் கிண்ணங்கள், மூடிகள், ஒரு துணிப்பந்து, கூழாங்கல் போட்டு இறுக மூடிய ஒரு பாட்டில். யார் வீட்டுப் பாத்திரமோ கழுவி வைத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

"முன்னாடியெல்லாம் எடை, ஊசி, அடுத்த ஆளு வான்னு அனுப்பிடுவோம்," என்றாள் சிஸ்டர், முட்டியைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தபடி. "இப்ப, புள்ள உடம்பு மட்டும் வளந்தாப் போதாது, பேச்சு, புத்தி எல்லாம் வளருதான்னு சேர்த்தே பாக்கச் சொல்லிட்டாங்க. அதுக்குன்னு உங்களை இன்னொரு நாள் அலைய விடக்கூடாதுல்ல. அதான் ஊசி போடற இடத்துலயே பாயும்."

பெஞ்சிலிருந்த ஒரு கர்ப்பிணி வாயைப் பொத்திக்கொண்டு, "சிஸ்டருக்கு இப்ப வெளையாடறதுக்கும் சேத்துச் சம்பளம்," என்றாள்.

"நானும் அப்படித்தான்டியம்மா சொன்னேன். ஊசி போடவே கை பத்தல, இதுல கிண்ணத்தைத் தட்டிக்கிட்டு வேற உக்காரணுமான்னு. உக்காந்தப்புறம் எழுந்திரிக்கத்தான் மனசு வரல. உனக்கும் இருக்கு, வயித்துல இருக்கறப்பவே பேச ஆரம்பி." சிஸ்டர் பையனைத் தோளிலிருந்து இறக்கி அப்பனுக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறானா?"

உம்மணா யோசித்தார். பையன் எந்நேரமும் தோளில் இருக்கிறான். தன் தோளில் இருப்பவனை எவனாவது கூப்பிடுவானா?

"தெரியலீங்க."

"உங்களைப் பாத்துச் சிரிப்பானா?"

"பாத்ததில்லீங்க."

"ம்மா, ப்பா, தத்தான்னு ஏதாவது?"

"எங்கிட்ட இல்லீங்க."

"கை ஆட்டறது, எதையாவது காட்டறது?"

"அதுவும் இல்லீங்க."

மனைவி சொன்னபடி கேட்டதற்கெல்லாம் வாயைத் திறந்து பதில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் சிஸ்டரின் முகம் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது. அவள் பாட்டிலைப் பையனின் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் குலுக்கினாள். அவன் திரும்பவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிரே இருந்த அப்பனைப் பார்த்தான். பார்த்தான் என்றும் சொல்ல முடியாது. சுவரைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை.

"ஊசி போட்ட கையாலேயே நான் குலுக்கினா அவன் எதுக்குத் திரும்பப் போறான். அது ஒரு பக்கம். ஆனா நீங்க சொல்றது ஒண்ணும் எனக்குச் சரியாப் படலை. இவங்கம்மா என்ன சொல்றாங்க?"

"அவ தெனம் ஏதாவது சொல்லுவா. இன்னைக்கு இதைச் சொன்னான், அதைச் சொன்னான்னு. பெத்தவளுக்கு அப்படித்தானே தோணும்."

"முழுசாக் கேட்டதில்லையா?"

"பாதியில தூங்கிடுவேங்க."

"நீங்க சரியாத் தூங்கறீங்களா? உடம்பு எப்படி இருக்கு உங்களுக்கு?"

உம்மணா பின்னால் திரும்பிப் பார்த்தார். இந்தக் கேள்வியைத் தன்னிடம் யாரும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. பின்னால் யாரும் இல்லை. "இருக்குங்க," என்றார்.

"சரி. மத்தியானம் டாக்டரம்மா வராங்க. அழுகை அடங்கட்டும். வயித்துக்குக் குடுத்துட்டுக் கூட்டிட்டு வாங்க. அப்பவும் இப்படியேன்னா, காது கேக்குதான்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாத்துடலாம். பயப்படாதீங்க, இதெல்லாம் சீக்கிரம் பாத்துட்டா நல்லது."

பயப்படாதீங்க என்று யாராவது சொன்ன பிறகுதான் பயம் வந்து உட்காரும். அதுவரை அவர் மனசில் காது என்கிற ஒன்றே இல்லை. இப்போது அது மட்டும்தான் இருந்தது.

வெளியே மர நிழலில் ஒரு கல் மேல் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சி டப்பாவைத் திறந்தார். பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியது. காது கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமே. ஆனால் என்ன பேசுவது? தொண்டையைச் செருமினார். இருக்கிற சரக்கைத்தானே எடுக்க முடியும்.

"ஓரம்," என்றார்.

பையன் வாயைத் திறந்தான். கரண்டியைப் பார்த்துத் திறந்தானா, சத்தம் கேட்டுத் திறந்தானா? ஒரு வாய் ஊட்டினார்.

"பாத்து."

அதற்கும் திறந்தான்.

"எறக்கு."

விழுங்கினான். ஒன்றும் விளங்கவில்லை. கஞ்சிதான் தீர்ந்தது.

மத்தியானம் வரை இங்கேயே உட்கார மனசு கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று பையனைத் தோளில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நடந்தார். நடை வழக்கமான நடையாக இல்லை. சாயங்காலம் அவள் வந்து, என்ன சொன்னாங்க என்று கேட்பாள். உன் பையனுக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகப்படுகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? தினமும் அவள் சொன்னதை ஒரு நாளாவது முழுசாகக் கேட்டிருந்தால் சிஸ்டரிடம் ஒரு வார்த்தையாவது உருப்படியாகச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ சுமையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கரை சேர்த்தவர், இதை எந்தத் தோளுக்கும் மாற்ற முடியாமல் போய்க்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்தா இஸ்திரிக்காரர் குரல் முதுகில் வந்து விழ வேண்டும்.

"என்ன முதலாளி, மூஞ்சி வாடிக் கெடக்கு? எவன் உங்களை என்ன சொன்னான்?"

அவ்வளவுதான். உம்மணா நின்றார். இத்தனை மாதமாக விழுங்கியதெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. சட்டென்று திரும்பினார்.

"யாரைய்யா முதலாளிங்கறே? நான் மூட்டை தூக்கறவன்னு தெரியுமில்ல? தெனம் தெனம் முதுகுக்குப் பின்னாடி என்னய்யா கிண்டல்? சொல்றதை மூஞ்சிக்கு நேரா சொல்லு."

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கியபடி அப்படியே நின்றார். இந்த மனுஷனுக்குக் குரல் உண்டென்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அண்ணே, உங்களையா? உங்களை எதுக்கு நான் முதலாளிங்கப் போறேன்? நீங்கதான் ஒரு நாளும் ஏறெடுத்துப் பாத்ததே இல்லையே."

"அப்ப யாரை?"

"அவரைத்தான்." இஸ்திரிக்காரர் ஒரு விரலை நீட்டினார். "தோ, உங்க பின்னாடி இருக்கறவரை. தெனம் என்னைப் பாத்துக் கையாட்டிட்டுத்தான் போவாரு. வேலை ஒழுங்கா நடக்குதான்னு பாத்துட்டுப் போற முதலாளி கணக்கா. இப்ப நீங்க திரும்பிட்டீங்க, அவர் அந்தப் பக்கம் போயிட்டாரு."

பின்னாலிருந்து ஒரு கீச்சுக் குரல் ஆட்சேபித்தது. சின்னக் கால் இரண்டும் மார்பில் படபடவென்று உதைத்தன. உம்மணா பையனைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். தோள் கூடவே திரும்பியது, பையன் அந்தப் பக்கம் போய்விட்டான். இன்னும் கொஞ்சம் திரும்பினார். அவன் இன்னும் கொஞ்சம் போனான். நடுத்தெருவில் தன் வாலைத் தானே பிடிக்கப் பார்க்கும் நாய் மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றார்.

பழ வண்டிக்காரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏம்ப்பா, சுத்தாத, மாப்ளைக்கு மயக்கம் வந்துடப் போவுது."

"மாப்ளையும் இவன்தானா?"

"பின்ன, உன்னையா சொல்றேன்? என்கிட்ட பாபா, பப்பான்னு எத்தனை கதை சொல்லுது. நீ விடுவிடுன்னு போயிடுவே, அது பாதிக் கதையில என்னைப் பாத்துக்கிட்டே போகும்."

ஓரமாக ஒரு மினி லாரி நின்றிருந்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி சரியாகத் தோள் உயரத்தில் இருந்தது. உம்மணா அதற்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தை மட்டும் ஒடித்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் அவர் பையன் இருந்தான். இஸ்திரிக்காரர் வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, "முதலாளி," என்றார். பையன் மூஞ்சி முழுக்கச் சிரிப்பாக விரிந்தது. கை மேலே எழுந்து திறந்து திறந்து மூடியது. கீழ்வரிசையில் இரண்டு பல். மேலே ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவனுக்குச் சிரிக்கத் தெரியுதே," என்றார் உம்மணா.

இஸ்திரிக்காரர் வண்டிக்குப் போய் ஒரு சட்டையை விரித்தார்.

வீட்டுக்குப் போகாமல் அப்படியே திரும்பி நடந்தார். டாக்டரம்மா வந்திருந்தாள். பாயில் பையனை எதிரே உட்கார வைத்ததும் அவன் மறுபடி சுவர் பார்க்கத் தொடங்கிவிட்டான். கிண்ணம், மூடி, எதற்கும் மசியவில்லை. சிஸ்டர் டாக்டரம்மாவின் காதில் மெதுவாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். உம்மணா எழுந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். நீங்க எனக்குப் பின்னாடி வாங்க."

"எங்க?"

"எங்கயும் இல்லீங்க. சும்மா பின்னாடியே நடந்து வாங்க. சிஸ்டரு, நீங்களும்."

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். பின்னால் டாக்டரம்மா, அவளுக்குப் பின்னால் சிஸ்டர், என்ன ஏது என்று தெரியாமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு கர்ப்பிணிகள். ஊர்வலம் கிளம்பி முதல் சுவரைத் தாண்டுவதற்குள் முதலாளி வேலையை ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மாவுக்கு ஒரு கையாட்டல். சிஸ்டரைப் பார்த்ததும் ஒரு முறைப்பு, ஊசியை அவன் மறக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு 'பப்பப்பா' என்று ஒரு நீண்ட பேச்சு. டாக்டரம்மா நடந்துகொண்டே ஒதுங்கி, அவன் கண்ணில் படாத பக்கத்திலிருந்து மெல்ல விரலைச் சொடுக்கினாள். டக்கென்று திரும்பினான். மறுபக்கம் போய்க் கிசுகிசுத்தாள். அந்தப் பக்கமும் திரும்பினான்.

"நில்லுங்க, போதும்," என்றாள் டாக்டரம்மா. "காது நல்லாக் கேக்குது. பேச்சும் வயசுக்கு மேல இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்."

உம்மணா நடையை நிறுத்தவில்லை. காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் இன்னும் அரைச் சுற்றுப் போய், பிறகு பாயில் வந்து உட்கார்ந்தார். துண்டின் முடிச்சை அவிழ்க்க மறந்துவிட்டார். சிஸ்டர்தான் அவிழ்த்துவிட்டாள்.

"அப்ப இவன்கிட்ட கோளாறு ஒண்ணும் இல்லீங்களே?"

"அவன்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்க முதுகு அவனுக்கு ஊரையே காட்டியிருக்கு," என்றாள் சிஸ்டர். "அந்த ஊர்ல நீங்கதான் இல்லை."

சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கி அவர் மடியில், முகத்துக்கு முகம் பார்க்கும்படி உட்கார வைத்தாள். பையன் அவரைப் பார்க்கவில்லை. சட்டையைப் பிடித்து, மார்பில் கால் ஊன்றி, தோள் மேல் ஏறித் தன் வழக்கமான இடத்துக்குப் போகப் பார்த்தான். உம்மணா மெதுவாக இறக்கி உட்கார வைத்தார். மறுபடி ஏறினான். மறுபடி இறக்கினார். காது கேட்காதோ என்று பயந்தபோது கூட இப்படி வலிக்கவில்லை.

"என்னைப் பாக்க மாட்டேங்கறான் சிஸ்டரு."

"பேசினாப் பாப்பான்."

"என்ன பேசறது? எனக்கு வராதுங்க."

"இன்னைக்குக் காலையில என்ன எறக்குனீங்க?"

"வெங்காயம்."

"அதைச் சொல்லுங்க."

"இதுக்கு என்ன தெரியும் வெங்காயத்தைப் பத்தி?"

"அதுக்கு உங்களைப் பத்தியும்தான் தெரியாது. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க."

டாக்டரம்மா அடுத்த பிள்ளையைப் பார்க்க அறைக்குள் போய்விட்டாள். உம்மணா உதட்டை நனைத்துக்கொண்டார். கூடத்தில் எல்லோரும் கேட்பார்களே என்று கூச்சம். குரலைத் தணித்து ஆரம்பித்தார்.

"வெங்காய லாரி வந்துச்சு. பெரிய லாரி. டிரைவரு நல்லாத் தூங்கறான், அவனைத் தட்டி எழுப்பி..." நின்றார். பையன் ஏறுவதை நிறுத்தியிருந்தான். அவன் கண் அவர் வாயில் இருந்தது. மீசைக்குக் கீழே ஏதோ அசைகிறது, அங்கிருந்து சத்தம் வருகிறது என்பதை இத்தனை பக்கத்தில் அவன் இன்றைக்குத்தான் பார்க்கிறான். ஒரு விரலை நீட்டி உதட்டைத் தொட்டான்.

பையன் உள்ளங்கையால் அவர் மார்பில் ஓர் அடி வைத்தான். நின்றது ஏன் என்று கேட்பது போல.

"சொல்றேன், சொல்றேன். எழுப்பினமா? அவன் பின்கதவைத் தொறக்கறான். மேல் மூட்டை ஒண்ணு கிழிஞ்சு கெடந்திருக்கு. எவனும் பாக்கலை. தொறந்ததும் பாரு, கடகடகடன்னு..."

அவர் கை தன்னாலே உருண்டது. வாய் வெங்காயமாகவே ஆகிவிட்டது. மேஸ்திரி காலடியில் ஒன்று, கணக்கர் நாற்காலிக்கடியில் ஒன்று, எல்லோரும் குனிந்து குனிந்து பிடிக்க, அவை கடகடகட. பையன் அவர் முகத்தையே பார்த்தபடி ஒரு கணம் மூச்சைப் பிடித்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். எச்சில் தெறித்து அவர் மூக்கிலும் மீசையிலும் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. மறுபடியும் "கடகடகட" என்றார். மறுபடியும் சிரிப்பு.

பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அப்புறம் என்னண்ணே ஆச்சு? அள்ளிட்டாங்களா?" என்றாள்.

"எங்க அள்ளறது? மேஸ்திரி வழுக்கி விழுந்துட்டான்," என்றார் உம்மணா, பையனிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

சிஸ்டர் அடுத்த பிள்ளையைப் பாய்க்குக் கூப்பிட்டாள். ஒரு தாய் குழந்தையோடு வந்து நின்றாள். உம்மணா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கொஞ்சம் நகர்ந்து பாதிப் பாயை விட்டுக்கொடுத்தார். பையனும் அவரோடு சேர்ந்து நகர்ந்து, மறுபடி அவர் மார்பில் ஓர் அடி வைத்தான்.

"ரெண்டாவது லாரி," என்று ஆரம்பித்தார் அவர், "உருளைக்கிழங்கு."